ஓவுலுவுக்கு ஒரு பால்கனித் தூது

பின்லாந்துக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் வானத்தில் பச்சை வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கப் போகிறார்கள். நான் ஒரு பால்கனியைப் பார்க்கப் போனேன். மூன்றாவது மாடி, மேற்குப் பார்த்தது, கண்ணாடிக் கதவு போட்டது. அதில் ஒரு தள்ளுவண்டி நிற்கும். அதற்குள் என் ஏழு மாதப் பேத்தி மதியத் தூக்கம் தூங்குவாள். வெளியே குளிர் மைனஸ் எட்டு. அந்தக் குழந்தையை வீட்டுக்குள் கொண்டுவந்து படுக்கவைக்காமல் ஊர் திரும்பக் கூடாது என்பது அமெரிக்காவில், எடிசன் நகரத்தில் எங்கள் வீட்டிலிருந்து என் மனைவி உமா போட்ட உத்தரவு.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். எங்கள் ஒரே மகள் வித்யா நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்தவள். ரேடியோ அலைகளில் ஆராய்ச்சி செய்கிறேன் என்று பின்லாந்தின் வடக்குக் கடற்கரையில் இருக்கும் ஓவுலு நகரத்துக்குப் போனாள். அங்கேயே யூஹோ என்ற உள்ளூர்ப் பையனைக் கல்யாணமும் செய்துகொண்டாள். குழந்தைக்கு ஐனோ என்று பெயர். உமாவுக்கு மட்டும் மீனு. அந்த ஊரில் கைக்குழந்தைகளைப் பகல் தூக்கத்துக்கு வெளியே படுக்கவைப்பது வழக்கம். கம்பளிப் பைக்குள் போட்டு, வண்டியில் வைத்து, பனிக்கு நடுவே நிறுத்திவிடுவார்கள். குளிர்காற்றில் குழந்தை நன்றாகத் தூங்கும் என்பது அவர்கள் அனுபவம்.

ஜனவரியில் உமா இரண்டு மாதம் பேத்தியோடு இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிப் போனாள். பத்தாம் நாள் திரும்பி வந்துவிட்டாள். வித்யா குழந்தையை வெளியே வைப்பாள், உமா உள்ளே எடுப்பாள், குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டு அழும். ஒரு வாரம் இந்தக் கூத்து நடந்திருக்கிறது. எட்டாம் நாள் உமா, "நீ புள்ளைய வளக்கறியா, இல்ல ஃப்ரீசர்ல மாவு எடுத்து வெக்கறியா?" என்று கேட்டாள். "திஸ் இஸ் மை ஹவுஸ் மா. மை பேபி," என்றாள் வித்யா. அத்தோடு பேச்சு நின்றது. ஜூன் மாதம் எடிசனுக்கு வந்து குழந்தைக்குக் காது குத்துவதாக இருந்த திட்டமும் நின்றுபோனது.

அதற்குப் பிறகு ஆறு வாரம் நான்தான் நடுவில். "உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க" என்று ஒரு பக்கம், "டெல் அம்மா" என்று இன்னொரு பக்கம். ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் நெட்வொர்க்கைக் கவனித்துக்கொள்வது என் உத்தியோகம். எந்த நேரத்திலும் போன் அடிக்கும், எதுவோ விழுந்துவிட்டது என்பார்கள். இருபது வருஷமாக எனக்குத் தூக்கம் என்றால் அரைத் தூக்கம்தான். ஆபீஸில் பார்க்கும் வேலையை வீட்டிலும் சம்பளமில்லாமல் பார்க்க வேண்டியதானபோது, லீவு போட்டுவிட்டு நேரில் போவதே மேல் என்று கிளம்பிவிட்டேன்.

முதல் நாள். விமான நிலையத்துக்கு வித்யா மட்டும் வந்திருந்தாள். என் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, வாட் இஸ் இன் திஸ்?" என்றாள். சாம்பார் பொடி, வசம்பு, கிரைப் வாட்டர் ஆறு பாட்டில், குரங்குக் குல்லா நாலு. மூன்று குழந்தைக்கு, ஒன்று எனக்கு. குழந்தைக்கு உள்ளதில் ஒன்று இப்போதைய தலைக்கு, இரண்டு தலை வளர்ந்த பிறகு. உமாவுக்குத் தொலைநோக்கு அதிகம்.

"அம்மா பேக் பண்ணாங்களா?"

"ஆமாம்மா."

"சோ யூ ஆர் ஹர் லாயர்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சூட்கேஸ் பக்கத்துப் பையிலிருந்து ஐந்தாவது குல்லா எட்டிப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டில் மருமகன் யூஹோ கதவைத் திறந்தான். ஆறடி மூன்று அங்குலம். கையைக் குலுக்கிவிட்டு, "வந்துவிட்டீர்கள்," என்றான் ஆங்கிலத்தில். அவன் அன்றைக்குப் பேசிய மூன்று வாக்கியங்களில் அது முதலாவது. குழந்தை என்னைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கி அழுதாள். என் மீசையா, நான் கொண்டுவந்த வசம்பு வாசனையா, தெரியவில்லை. சரியாக ஒரு மணிக்கு அவளைக் கம்பளிப் பைக்குள் செருகினார்கள், மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது, வண்டியில் வைத்துப் பால்கனிக்குத் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். நான் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றேன். என் மூச்சுக்காற்றில் கண்ணாடி மங்கிப்போனது. துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். இரண்டே கால் மணி நேரம் அவள் அசையவில்லை.

எடிசனிலும் இதே குளிர் உண்டு. ஆனால் அங்கே நாங்கள் குளிரைச் சந்திப்பது கார் நிறுத்துமிடத்திலிருந்து கடை வாசல் வரைதான். அந்த முப்பது அடிக்கே உமா குல்லா, மஃப்ளர், அதற்கு மேல் ஒரு சால்வை போடுவாள். மெரினா பக்கத்தில் வளர்ந்தவள், மார்கழியில் காலை நேரம் வாசல் தெளிக்கப் போவதற்கே காதில் பஞ்சு வைத்துக்கொண்ட குடும்பம். அவளிடம் மைனஸ் எட்டைப் பற்றி என்ன சொல்லிப் புரியவைப்பது?

இரண்டாம் நாள் ஊர் பார்க்கக் கிளம்பினேன். பேருந்து நிறுத்தத்தில் போய் ஒழுங்கு மரியாதையாக நின்றேன். பேருந்து வந்தது, என் முகத்தைப் பார்த்தது, போய்விட்டது. இருபது நிமிஷம் கழித்து இன்னொன்று வந்தது. அதுவும் போய்விட்டது. நிறத்தைப் பார்த்து நிறுத்தாமல் போகிறானா என்று எனக்குள் கோபம் கொதித்தது. அமெரிக்காவில் முப்பது வருஷம் இருந்தவனுக்கு அந்தச் சந்தேகம் சீக்கிரம் வந்துவிடும். மூன்றாவது பேருந்து வரும்போது, அதுவரை எட்டடி தள்ளித் தன் பேருந்துக்காகக் காத்து நின்ற ஒரு பெரியம்மா கையை லேசாக நீட்டினார். பேருந்து பூனை மாதிரி வந்து நின்றது. கை காட்டினால்தான் நிறுத்துவார்களாம்.

"முதல் இரண்டு பேருந்தையும் ஏன் விட்டீர்கள்?" என்று அந்த அம்மாள் ஆங்கிலத்தில் கேட்டார்.

"அப்போதே சொல்லியிருக்கலாமே!"

"நீங்கள் பேருந்துகளை வேடிக்கை பார்க்கிறீர்கள் என்று நினைத்தேன்."

சென்னையில் கை காட்டி, கத்தி, பின்னால் ஓடினாலும் நிறுத்த மாட்டார்கள். இங்கே ஒரு விரலுக்கு நிற்கிறார்கள். நடுவில் நாற்பத்தைந்து நிமிஷம் என் கால் கட்டையாகிவிட்டது.

சந்தைச் சதுக்கத்தில் ஒரு போலீஸ்காரர் வெண்கலத்தில் நிற்கிறார். கழுத்து கிடையாது, தொப்பை மட்டும் உண்டு. ஊரே அவரோடு படம் எடுத்துக்கொள்கிறது. எங்கள் ஊரில் இதே உருவத்தை உயிரோடு நாலுமுனைச் சந்திப்பில் பார்த்திருக்கிறேன், படம் எடுத்தால் கேமராவைப் பிடுங்கிக்கொள்வார். நானும் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்து உமாவுக்கு அனுப்பினேன். "ரெண்டுல யாரு நீங்க?" என்று பதில் வந்தது. அடுத்த வரி, "குழந்த உள்ள வந்தாச்சா?"

பழைய சந்தைக் கட்டடத்துக்குள் ஒரு கடையில் வட்டமாக, தட்டையாக, மேலே கருப்புக் கருப்பாகச் சுட்ட புள்ளிகளோடு ஒன்று வைத்திருந்தார்கள். ஊத்தப்பம் என்று நினைத்து ஆவலாகப் போனேன். பாலாடைக்கட்டியாம். ஆரஞ்சு நிறத்தில் ஒரு காட்டுப்பழ ஜாமை மேலே விட்டுக் கொடுத்தார்கள். கடிக்கக் கடிக்கப் பல்லுக்கிடையில் புதுச் செருப்பு மாதிரி கீச்சு கீச்சென்று சத்தம் போட்டது. ருசி பிரமாதம். இரண்டு தட்டு சாப்பிட்டேன். காபிக்குள்ளும் இதைத் துண்டு துண்டாகப் போட்டுக் குடிப்பார்களாம். காபி விஷயத்தில் நான் அவ்வளவு தாராள மனசுக்காரன் இல்லை.

அந்தத் தைரியத்தில் அடுத்த கடையில் ஒரு கருப்பு மிட்டாயை வாயில் போட்டேன். அங்கேதான் மோசம் போனேன். நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம் வாங்கி, அதைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் வைத்திருக்கும் நவச்சாரத்தில் புரட்டினால் என்ன கிடைக்குமோ அது. துப்ப இடமில்லை. எதிரே ஒரு நாலு வயசுப் பெண் அதே மிட்டாயைச் சப்பிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கௌரவப் பிரச்சினை, விழுங்கிவிட்டேன். இதைத் தின்று வளர்கிற பிள்ளைகளுக்குக் குளிர் என்ன செய்துவிடும் என்று முதல் சந்தேகம் எனக்கு அங்கேதான் வந்தது.

மூன்றாம் நாள் வித்யாவுக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு மீட்டிங். யூஹோவும் வேலைக்குப் போய்விட்டான். ஒன்றரை மணி நேரம் குழந்தை என் பொறுப்பு. அவள் என்னை நம்பி விட்டுப் போகிறாள் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அவள் சின்னவளாக இருந்தபோது நான் வாரத்தில் நாலு நாள் வெளியூரில் கன்சல்டிங் வேலையில் இருந்தவன்.

"அப்பா, கார்னர்ல ஒரு கஃபே இருக்கு. வாக் பண்ணிட்டே போங்க, ஷி வில் ஃபால் அஸ்லீப். ஸ்ட்ரோலரை வெளியில பார்க் பண்ணிட்டு, உள்ள உக்காந்து காபி சாப்பிடுங்க. விண்டோ வழியா தெரியும். ஸ்ட்ரோலரை உள்ள கொண்டு போகக் கூடாது. ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

கஃபே வாசலில் ஏற்கெனவே மூன்று தள்ளுவண்டிகள் வரிசையாக நின்றன. மூன்றுக்குள்ளும் மூன்று மூக்கு. அம்மாக்கள் உள்ளே சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாலாவதாக என் வண்டியை நிறுத்தினேன். கதவைத் திறக்கப் போனேன். கை போனது, கால் போகவில்லை.

எனக்கு ஒரு பழைய வடு உண்டு. வித்யாவுக்கு ஒரு வயசாக இருக்கும்போது, எடிசனில் ஓக் ட்ரீ ரோட்டில், காரின் பின் சீட்டில் தூங்கிய அவளை விட்டுவிட்டுச் சமோசா வாங்கக் கடைக்குள் போனேன். மூன்றே நிமிஷம். திரும்பி வந்தால் யாரோ ஒரு ஆன்ட்டி கார் கதவில் சாய்ந்து காவல் நிற்கிறார். போலீஸைக் கூப்பிடாமல் விட்டதற்கு நான் அவருக்குக் கோயில் கட்ட வேண்டும் என்று தெருவே கேட்கச் சொன்னார். அன்று முதல் தனியாகத் தூங்கும் குழந்தையைப் பார்த்தால் என்னால் அந்த இடத்தை விட்டு நகர முடியாது. இங்கே நாலு குழந்தை. வாசலில். தெருவில்!

வண்டியை உள்ளே கொண்டுபோக மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்திருந்தேன். நான் உள்ளே போவேன் என்று சத்தியம் செய்யவில்லை. எனவே குரங்குக் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு, நாலு வண்டிக்கும் முன்னால் இங்கேயும் அங்கேயுமாக நடக்க ஆரம்பித்தேன். கண் மட்டும் தெரியும் ஒரு மனிதன் நாலு குழந்தைகளைச் சுற்றி நடப்பது உள்ளே இருப்பவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

பதினைந்து நிமிஷத்தில் ஓர் இளம்பெண் வெளியே வந்தாள். கையில் ஒரு காகிதக் கோப்பையில் காபி, ஏலக்காய் மணக்கும் ஒரு பன்.

"நீங்கள் ஐனோவின் தாத்தாதானே? யாருக்காகவாவது காத்திருக்கிறீர்களா?"

"இல்லை. காவல் காக்கிறேன்."

அவள் தெருவின் இந்தக் கோடியைப் பார்த்தாள். அந்தக் கோடியைப் பார்த்தாள். பனி. ஒரு நாய். சைக்கிளில் போகும் ஒரு கிழவர்.

"யாரிடமிருந்து?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

நியூ ஜெர்சியில் என்றால் விரல் விட்டு எண்ணி ஒரு பட்டியலே சொல்லியிருப்பேன். அந்தத் தெருவில் நின்று யோசித்தேன். "சும்மா," என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, பன் ஆறுவதற்குள் சாப்பிடச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பன்னை ஒரு கடி கடித்தேன். அப்போது என் பையிலிருந்து கெட்டிமேளம் முழங்கியது. உமா கூப்பிட்டால் மட்டும் ஒலிப்பதற்காக நான் வைத்திருக்கும் ரிங்டோன். இரண்டு தவில், ஒரு நாதஸ்வரம், அவ்வளவும் முழுச் சத்தத்தில். கையுறைக்குள் விரல் விறைத்துப் போயிருந்ததால் போனை எடுக்க முடியவில்லை. தாலி கட்டி முடித்து, மாலை மாற்றும் கட்டம் வரைக்கும் மேளம் போய்விட்டது. முதல் வண்டி விழித்தது. அது இரண்டாவதை எழுப்பியது. நாலும் சேர்ந்துகொண்டன.

"என்னங்க, அங்க என்ன சத்தம்? மீனு அழறாளா?"

"நாலு பேர் அழறாங்க."

"நாலா? நாலு யாருங்க?"

"அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். அம்மாக்கள் ஓடி வரவில்லை, நடந்து வந்தார்கள். ஆளுக்கு ஒரு வண்டியைப் பிடித்து ஆட்டினார்கள். ஒருத்தி கூட முகம் சுளிக்கவில்லை. பன் கொடுத்த பெண் மட்டும், "நல்ல இசை. கொஞ்சம் சத்தம்," என்றாள். யாரிடமிருந்து காவல் என்று கேட்டாளே, அதற்கு விடை அப்போதுதான் எனக்கு முழுசாகத் தெரிந்தது. வெட்கத்தில் அந்தக் குளிரிலும் காது சுட்டது.

நான் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி வித்யாவுக்குப் போய்விட்டது. அந்த ஊர் அம்மாக்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது.

"அப்பா, யூ ப்ராமிஸ்ட்."

"நான் உள்ள கொண்டு போகலியே!"

அவள் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மாகிட்ட இத சொல்லணும் போல இருக்கு," என்றாள். அதை மட்டும் தமிழில் சொன்னாள். போனைக் கையில் எடுத்தாள். பிறகு கீழே வைத்துவிட்டாள். "ஷி ஷுட் கால் ஃபர்ஸ்ட்," என்று எழுந்து போனாள். உமாவும் வார்த்தை மாறாமல் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள், "அவ மொதல்ல பேசட்டும்."

நாலாம் நாள் யூஹோ என்னைக் கடலுக்கு அழைத்துப் போனான். கடல் மேல் நடந்தோம். ஏப்ரல் மாதம் வரை உறைந்துதான் கிடக்குமாம். கரையிலிருந்து அரை மைல் போய், பனிக்கட்டியில் ஓட்டை போட்டு, ஆளுக்கொரு குட்டி முக்காலியில் உட்கார்ந்து தூண்டில் போட்டோம். நான் மீன் சாப்பிடாதவன் என்று அவனுக்குத் தெரியும், இருந்தாலும் எனக்கும் ஒரு தூண்டில் கொடுத்தான். நாற்பது நிமிஷம் யாரும் பேசவில்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையும் மாமனாரும் இவ்வளவு நேரம் பேசாமல் உட்கார்ந்தால் ஏதோ தகராறு என்று பஞ்சாயத்துக்கு ஆள் வந்துவிடும்.

நாற்பத்தோராவது நிமிஷம் அவன் கேட்டான்: "அந்தக் காது குத்தும் ஊசி. எவ்வளவு நீளம்?"

திடுக்கிட்டுப் போனேன். சின்னதுதான், தங்கக் கம்பி, ஒரு நொடி வேலை, சாஸ்திரம், சொந்தக்காரர்கள் எல்லோரும் வருவார்கள், பொங்கல், வடை என்று அடுக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"அழுவாளா?"

"அழுவாள். கொஞ்சம்."

அவன் தூண்டிலைப் பார்த்தான். "வண்டியில் அவள் அழுவதில்லை," என்றான். அவ்வளவுதான். வாதம் செய்யும் தொனியே இல்லை. மைனஸ் எட்டில் தூங்கவைப்பது கொடுமை என்று சொல்ல நாலாயிரம் மைல் வந்தவன், ஊசியோடு காத்திருப்பவர்களின் கட்சிக்காரன். அன்று அவனுக்கு ஒரு மீன் மாட்டியது. எனக்கு ஒன்றும் மாட்டாதது நல்லதாகப் போயிற்று.

ஐந்தாம் நாள் கிளம்புவதற்கு முந்தின நாள். தூது தோற்றுவிட்டது என்று முடிவுக்கு வந்திருந்தேன். காலையில் உமாவிடமிருந்து ஒரே ஒரு செய்தி: "என்ன ஆச்சு?" போனைச் சோபாவில் கவிழ்த்து வைத்தேன்.

ஒரு மணிக்கு ஐனோவை வெளியே வைத்தார்கள். நான் வழக்கம்போலக் கண்ணாடிக்குப் போனேன். பிறகு ஒரு யோசனை வந்தது. நாலு நாளாக உள்ளே சூட்டில் நின்றுகொண்டு வெளிக் குளிரைப் பற்றித் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறோமே, ஒருமுறை போய்த்தான் பார்ப்போமே. பால்கனியில் ஒரு சாய்வு நாற்காலி இருந்தது. யூஹோ ஒன்றும் கேட்கவில்லை. கலைமான் தோல் ஒன்றை எடுத்துவந்து நாற்காலியில் விரித்தான். என் மேல் இரண்டு கம்பளி போர்த்தினான். நான் குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு பேத்திக்குப் பக்கத்தில் சாய்ந்தேன். செருப்பை மட்டும் மாற்ற மறந்துவிட்டேன், காலில் வீட்டுக்குள் போடும் துணிச் செருப்பு.

முகத்தில் மட்டும் குளிர். மற்ற இடமெல்லாம் கதகதப்பு. எங்கோ யாரோ பனி அள்ளும் சத்தம். கொஞ்சம் வெயில். வண்டிக்குள் குட்டியாக ஒரு மூச்சு போய்ப் போய் வந்தது. போனை உள்ளே வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது, எழுந்து போய் எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைவு.

விழிப்பு வந்தபோது பேச்சுச் சத்தம் கேட்டது. கண்ணைத் திறக்கவில்லை. பால்கனிக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. வித்யா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள் போலிருக்கிறது. போன் ஸ்பீக்கரில் இருந்தது. பிறகு தெரிந்துகொண்டது: நான் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவதை அவள் படம் எடுத்து, ஒரு வார்த்தையும் எழுதாமல் அவள் அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறாள். ஆறு வாரத்தில் அதுதான் முதல் முறை. ஒரு நிமிஷத்தில் உமா கூப்பிட்டுவிட்டாள், நேராக மகளுக்கே.

"அறிவிருக்காடி அந்த மனுஷனுக்கு? அம்பத்தெட்டு வயசு! மொதல்ல உள்ள இழுத்துட்டு வா. சளி புடிச்சா அப்புறம் இங்க வந்து எங்கிட்டதானே இருமுவாரு?"

"மா, எழுப்பாதீங்க. ஹி இஸ் ஸ்லீப்பிங். ரெண்டு ஹவர்ஸா."

"ரெண்டு மணி நேரமா? உங்கப்பாவா?"

"யெஸ்."

"இருவது வருஷமா அந்த மனுஷன் முழுசா ரெண்டு மணி நேரம் தூங்கிப் பாத்ததில்லடி நான்." உமாவின் குரல் இறங்கியிருந்தது. "கொறட்ட விடறாரா?"

"பயங்கரமா."

"பாப்பா எழுந்துக்கலியா?"

"இல்ல மா. ரெண்டு பேரும் ஒரே மாதிரி வாயைத் திறந்துகிட்டு."

"நீ தூங்கவே மாட்ட. உன்ன கார்ல போட்டு, தெருத்தெருவா சுத்தி, ரெட் சிக்னல் விழுந்தா நீ முழிச்சுக்குவ. அழுதுகிட்டே கார் ஓட்டியிருக்கேன். உங்கப்பா ஊர்லயே இருக்க மாட்டாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்ப யாராவது வந்து, வெளிய வெச்சா தூங்கும்னு சொல்லியிருந்தா, நானும் வெச்சிருப்பேனோ என்னவோ."

"மா."

"என்ன மா? அழாத. அங்க மூக்கு ஒறைஞ்சிடும்."

வித்யா சிரிப்பதும் மூக்கை உறிஞ்சுவதும் சேர்ந்து கேட்டது. நான் ஊரில் இல்லாத அந்த நாட்களைப் பற்றி உமா என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

பேச்சு எங்கெங்கோ போயிற்று. கஃபே கதை வந்தது. "கெட்டிமேளமா!" என்று உமா சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. பிறகு அவளே, மெல்ல, "ஜூன்ல வரீங்களா?" என்றாள்.

"யூஹோ ஒரு கொஸ்டீன் கேட்டான் மா. அழுவாளான்னு."

"அழுவா. அழுதா என் மடியில இருப்பா, வேற எங்க? அதுக்கு முன்னாடி நம்ம வீட்டுப் பின்னாடி, வெளிய டெக்ல தூங்க வெச்சுக்கலாம். ஆனா ஜூன்ல வெயிலுடி."

"நிழல்ல வெக்கலாம் மா."

எனக்கு இதற்குள் முழுசாக விழிப்பு வந்துவிட்டது. துணிச் செருப்புக்குள் கால் விரல் பத்தும் மரத்துப் போயிருந்தன. பாத்ரூம் வேறு போக வேண்டும். எழுந்தால் இருவரும் என் பக்கம் திரும்புவார்கள், "உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க" மறுபடியும் ஆரம்பித்தாலும் ஆரம்பித்துவிடும். உள்ளே ஒருத்தி, எடிசனில் ஒருத்தி, இப்போதைக்கு நடுவில் யாரும் இல்லை.

"இன்னும் தூங்கறாரா?" என்று உமா கேட்டாள்.

வித்யா எட்டிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. நான் வாயை இன்னும் கொஞ்சம் திறந்து, நன்றாக இழுத்து ஒரு குறட்டை விட்டேன்.